கம்பியைத் தளர்த்தாத சுருளிராஜன்

சுருளிப்பட்டியில் நின்று சுருளிராஜன் என்று கூப்பிட்டால் தெருவுக்கு மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சொல்வது பந்தல் சுருளிராஜனை. திராட்சைத் தோட்டத்தில் கல்தூண் நட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துக் கட்டுகிறவர். கம்பத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் பாதிப் பன்னீர் திராட்சை தன் கம்பியில்தான் தொங்குகிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். கால்வாசி என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

என் பெயர் அனுசுயா. வாரத்தில் ஆறு நாள் கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில், யாரும் வாங்காத சேலைகளை விரித்துக் காட்டித் திரும்ப மடிக்கிறவள். விசேஷ நாட்களில் தேனருவி இன்னிசைக் குழுவின் பாடகி. சுருளிராஜன் அதே குழுவில் பதினேழு வருஷம் கிடார் வாசித்தவர். சொந்தம் ஒன்றுமில்லை, ஆனாலும் அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி சந்தனம்மாள் எனக்கு மதினி. அதனால் அவரைப் பற்றி நாலு வார்த்தை கூடக் குறையச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தொய்வு என்றால் அந்த மனுஷனுக்கு ஆகாது. வீட்டுக் கொடிக்கயிற்றில் ஈரப் போர்வையைப் போட்டாலும் கயிறு தாழக் கூடாது. கட்டில் நாடாவை மாதம் ஒருமுறை இழுத்துக் கட்டுவார். அதில் படுத்து எழுந்தால் முதுகில் வரி வரியாக இருக்கும். தெருவில் போகிற கேபிள் டிவி வயர் தொங்கினால்கூட நின்று ஒரு வசவு விட்டுத்தான் நகர்வார். “இந்த வீட்டுல உங்கண்ணன் இழுத்துப் பாக்காத கயிறு என் தாலிக்கயிறு ஒண்ணுதான்” என்று மதினி சொல்வார்.

அது வெறும் கிறுக்கு இல்லை, தொழில் கற்றுக்கொடுத்த கிறுக்கு. பந்தலில் கம்பியை இழுத்து முடிச்சுப் போட்டதும் விரலால் ஒரு சுண்டு சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். ணங் என்றால் சரி. தொம் என்றால் மறுபடியும் இழுப்பார். கொடி படர்ந்து காய் பிடித்து பாரம் ஏறினால் கம்பி தானாகவே இறங்கும், அதனால் தேவைக்கு மேல் ஒரு பிடி கூடவே இழுத்து வைக்க வேண்டும் என்பது பந்தல் வேலைக்காரர்களின் வேதம். இழுத்த கம்பியைத் தளர்த்துகிறவனுக்கு அந்த வட்டாரத்தில் மறுநாள் வேலை கிடைக்காது.

கிடார் வந்த கதை வேறு. இருபது வயதில் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனார். அங்கே ஜீப் ஓட்டின ஒரு சேட்டன் மழைக்காலத்தில் பொழுது போகாமல் இவருக்கு மூன்று பிடி சொல்லிக்கொடுத்தார். பிடி என்றால், இடது கை விரல்களைக் கம்பிகளில் இன்ன இன்ன இடத்தில் அழுத்தி, வலது கையால் ஆறு கம்பியையும் சேர்த்து மீட்டுவது. அந்த மூன்று பிடியை வைத்துக்கொண்டுதான் அண்ணன் பதினேழு வருஷம் கம்பம் பள்ளத்தாக்கின் கோயில் கொடைகளையும் கல்யாணங்களையும் சமாளித்தார். நாலாவது பிடி வருகிற பாட்டில் கம்பியைத் தொடாமல் தலையை மட்டும் பலமாக ஆட்டுவார். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

போன தை மாதம் ஒரு தோட்டத்தில் மூலைக்கல்லுக்கு இழுத்த கம்பி அறுந்து சுருண்டு வந்து, இடது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் மேல் கணுவோடு கொண்டுபோனது. ஊர் முழுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஜோசியர் ஒருவர் குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போடச் சொன்னார். கட்டுப்போட்ட கையோடு போய்ப் போட்டார்கள். சனீஸ்வரன் விரலைத் திருப்பித் தரவில்லை, கூட்டத்தில் மதினியின் புதுச் செருப்பு போனதுதான் மிச்சம். செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது என்று ஜோசியர் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

புண் ஆறிய பிறகு அண்ணன் கிடாரை எடுத்தார். மூன்று பிடிக்கும் அந்த இரண்டு விரலும் வேண்டும். வெட்டுப்பட்ட நுனியால் அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை.

எங்கள் குழுவின் முதலாளி பாண்டீஸ்வரன் கீபோர்டு வாசிப்பவர். மாஸ்டர் என்று கூப்பிடாவிட்டால் திரும்ப மாட்டார். அவர் சுருளிராஜன் வீட்டுக்கே வந்து, ஆறுதல் சொல்கிற முகத்தோடு உட்கார்ந்து, இப்படிச் சொன்னார்:

“அண்ணே, மனசு சடையாதீக. நம்ம கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா கிடாரு தானா வருது. பத்து விரலு இருக்கவன் வாசிச்சாலும் அம்புட்டு சுத்தமா வராது. அதுக்காக உங்கள விட்ருவமா? மைக் வயரு, ஸ்பீக்கர் வயரெல்லாம் இனிமே நீங்கதான் பாக்கணும். கம்பியும் வயரும் ஒண்ணுதானண்ணே?”

அவர் போன பிறகு மதினி சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது. மேடையில் கீபோர்டுக்கு இடது பக்கம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். பதினேழு வருஷம் அவர் உட்கார்ந்த இடம் அது. அதில் மறுபடியும் கிடாரோடு உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பந்தல் வேலையை இரண்டு விரல் இல்லாமலும் செய்துவிட்டார். அந்த நாற்காலியைத்தான் விட முடியவில்லை.

ஒரு மாதம் போனில் தேடினார். மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆகையால் அகப்பட்டதும் ஒரு மலையாள வீடியோ. தொடுபுழாப் பக்கத்து ஆசாமி ஒருவன் ஓபன் டியூனிங் என்று ஒன்றைக் காட்டினான். வழக்கமாகச் சுருதி கூட்டின கிடாரில் இடது கையை எடுத்துவிட்டு மீட்டினால் ஆறு கம்பியும் ஆறு பக்கம் இழுக்கும். ஓபன் டியூனிங்கில் கம்பிகளின் சுருதியையே மாற்றி, சும்மா மீட்டினாலே ஒரு முழுப் பிடி கேட்கிற மாதிரி வைத்துவிடுகிறார்கள். அடுத்த பிடி வேண்டுமா? கிடாரின் கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கோடுகளில் ஐந்தாவதை ஒட்டி ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்கப் போட்டால் போதும். ஏழாவதில் போட்டால் இன்னொன்று. ஒரே விரலில் அண்ணனின் மூன்று பிடியும் முடிந்தது.

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து அந்த வீடியோவை எனக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினார். “ஒத்த வெரலு போதும்மா, ஒத்த வெரலு!” என்று குதித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் ஒரு பந்தல்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியம். அந்த ஆசாமி தெளிவாகத்தான் சொன்னான்: இரண்டு கம்பியைத் தொடாதே, மூன்றை ஒரு கட்டை, அதாவது சுருதியில் ஒரு படி, இறக்கு, ஒன்றை அரைக் கட்டை இறக்கு, சுருதி இரண்டு கட்டையில் நிற்கும். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். இறக்காமல் மூன்று கம்பியை ஏற்றியும் இதே மாதிரி வைக்கலாம், சுருதி மூன்று கட்டைக்குப் போகும், ஆனால் பழைய கிடாரில் அதைச் செய்யாதே. அண்ணன் காதில் ‘ஏற்றலாம்’ மட்டும் விழுந்தது. இறக்குவது என்றால் கம்பியைத் தளர்த்துவது. அது வேலை தெரியாதவன் செய்கிற காரியம். மூன்று கம்பியையும் ஏற்றினார். சுண்டிப் பார்த்தார், ணங் என்றது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிடி கூடவும் முறுக்கி வைத்தார், பாரம் ஏறினால் கம்பி இறங்குமல்லவா? கிடாரில் என்ன திராட்சையா காய்க்கப் போகிறது என்று கேட்க அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

மறுநாள் வெயிலில் கிடாரின் வயிற்றில் கம்பிகளைத் தாங்குகிற மரக்கட்டை டப் என்று பெயர்ந்து எழுந்தது. மதினி அடுப்பில் ஏதோ வெடித்தது என்று ஓடிவந்தாராம்.

உத்தமபாளையத்தில் கட்டில் செய்கிற ஆசாரி பசை போட்டு ஒட்டிக்கொடுத்தார். இனிமேல் இறுக்கினால் மேல் பலகையே பிய்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். அதன்பின் கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அண்ணன் அதன் எதிரே எழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனேன்.

“இறக்கி வச்சிர வேண்டியதுதானண்ணே?”

“கம்பிய தளத்திப் போடச் சொல்றியா?”

“அந்தாளு அதத்தான சொன்னாரு.”

“அவன் சொல்லுவான். அவன் பந்தலு போட்ருக்கானா?” என்றார். ஆனாலும் கிடாரை மடியில் வைத்தார். திருகாணியைப் பிடித்தார். கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் பொய் சொல்லவில்லை, இறுக்குகிற பக்கமாகத்தான் அவர் மணிக்கட்டு போனது.

“குடுங்க இங்கன” என்று பிடுங்கிக்கொண்டேன். போனில் சுருதி பார்க்கிற செயலியைப் போட்டு வைத்து, தடித்த கம்பியின் திருகாணியை நானே மெல்லத் திருப்பினேன். கம்பி ஊ என்று இறங்கியது. ஊசி போடும்போது குழந்தையின் அப்பா செய்வதுபோல் அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“போதும், போதும்த்தா, தொங்கிரும்!”

“தொங்கட்டும்” என்றார் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதினி. “இருவது வருசமா இந்த வீட்டுல எல்லாம் வெறச்சுக்கிட்டே நிக்கிது. ஒண்ணாச்சும் தொங்கட்டும்.”

மூன்று கம்பி ஒரு கட்டை, ஒரு கம்பி அரைக் கட்டை. முடித்துக் கொடுத்தேன். அண்ணன் இடது கையைத் தொங்கவிட்டபடி வலது கையால் ஒருமுறை தடவினார். அந்தப் பழைய பெட்டிக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. அகலமாக, நிதானமாக, அவசரமில்லாமல் வந்தது. அவருக்கும் தெரிந்திருக்காது. மறுபடி தடவினார். பிறகு ஆட்காட்டி விரலை ஐந்தாவது கோட்டில் போட்டார், ஏழாவதில் போட்டார், விரலை எடுத்துவிட்டுத் திரும்ப வந்தார். அதையே ஒரு மணி நேரம் செய்தார். அழுகைப் பாட்டு ஒன்றைக்கூட முயன்றார். இந்தச் சுருதியில் ஒப்பாரியும் கல்யாண வீட்டுப் பாட்டாகத்தான் வருகிறது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார்.

அந்தச் சத்தத்தின் மேல் நான் ஒரு தாலாட்டை முனகினேன். சிரமமே இல்லாமல் குரல் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவின் பெருமையே ஒரிஜினல் சுருதிதான். ரெக்கார்டில் எந்தக் கட்டையில் இருக்கிறதோ மேடையிலும் அதே கட்டை. அதைப் பாண்டீஸ்வரன் நோட்டீஸிலேயே போடுவார். என் பாட்டுகளில் பெரும்பாலும் மூன்று கட்டை. முப்பது வயதில் இந்தக் குழுவுக்கு வந்தபோது அது எனக்கு எட்டியது. நாற்பத்தொரு வயதில் எட்டவில்லை. மிளகு, சித்தரத்தை, வெந்நீர் என்று ஒவ்வொரு கச்சேரிக்கும் மூன்று நாள் முன்பிருந்து தொண்டையைச் சீராட்டினேன். ஒருமுறை, கொஞ்சம் இறக்கி வாசிக்கலாமா மாஸ்டர் என்று கேட்டேன். “இறக்குனா ஒரிஜினலு போயிரும்மா. ஏற மாட்டேங்குதுன்னா சொல்லு, வேற புள்ளயப் பாத்துக்கிறலாம்” என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை. என் குரல் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டையில் அது கெடவில்லை. அன்றைக்கு அண்ணன் வீட்டில்தான் எனக்கு அது தெரிந்தது.

வைகாசியில் எங்கள் ஊர் மண்டபத்திலேயே ஒரு காதுகுத்து. பகல் பதினோரு மணிக்கு நல்ல நேரம், பத்தரைக்குக் கச்சேரி ஆரம்பம். சுருளிராஜன் வயர் வேலைக்கு வந்தார். தோளில் கிடார் உறை.

“அது என்னத்துக்குண்ணே?” என்றார் பாண்டீஸ்வரன்.

“சும்மா கெடக்கட்டும் மாஸ்டர்.”

மேடையில் சிவப்பு நாற்காலி இருந்தது. அதன்மேல் பாண்டீஸ்வரனின் ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும் இருந்தன. அண்ணன் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றின வயர்கூட விறைப்பாகத்தான் இருந்தது.

மூன்றாவது பாட்டில் என் குரல் உடைந்தது. சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் கிறீச்சென்று கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். பாண்டீஸ்வரன் வாசிப்பை நிறுத்தாமல் தன் மைக்கில், “நம்ம பாடகிக்கு நேத்து ஐஸ்கிரீம் ஓவராயிருச்சு போல” என்றார். அவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்த இடத்தில் செத்துப் போகலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தையை மனையில் உட்கார வைத்துவிட்டார்கள். தாய்மாமன் வேலுச்சாமி மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. காது குத்துகிற ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே அது வீறிட்டது. வேலுச்சாமி மேடையைப் பார்த்துக் கத்தினார்: “ஏப்பா, புள்ள பயப்படுது. தாலாட்டு மாதிரி எதாச்சும் பாடுங்க. அந்த டமடமவ நிப்பாட்டுங்க!”

பாண்டீஸ்வரன் தாலாட்டுக்கு எந்தப் பட்டன் என்று தேடிக்கொண்டிருந்தார். நான் வயரில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வீட்டுக்குத்தான் போயிருப்பேன். நேரே ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போனேன்.

“அண்ணே, அத எடுங்க.”

“இங்கனயா? வேணாந்த்தா. மேடையில ஏத்தாத ஆளு நானு.”

“நானும் எறங்கிட்டேன். எடுங்க.”

அவர் உறையைப் பிரித்தார். மனைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். கிடாருக்கும் என் வாய்க்கும் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் இடது கையைத் தொங்கவிட்டு ஆறு கம்பியையும் தடவினார். இரண்டு கட்டை. நான் பாடினேன்.

குழந்தை அழத்தான் செய்தது. காதில் ஓட்டை போட்டால் அழாமல் என்ன செய்யும்? பாட்டுக்கு மயங்கிச் சிரித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மண்டபம் அடங்கியது. பந்தியில் இருந்த பெண்கள் எச்சில் கையோடு வந்து வாசலில் நின்றார்கள். ஏழாவது கோட்டில் அண்ணனின் விரல் ஒருமுறை வழுக்கிக் கம்பி இரைந்தது. அவர் விரலை எடுத்துவிட்டுத் திறந்த கம்பிக்கே திரும்பிவிட்டார், அது எப்போது வந்தாலும் வரவேற்றது. சரணத்தில் என் குரல் போக வேண்டிய இடத்துக்குப் போய், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நான் கூப்பிட்டதும் இறங்கி வந்தது.

பாட்டு முடிந்ததும் வேலுச்சாமி, “இன்னொண்ணு பாடு ஆத்தா. அந்தக் கிடாருக்கார அண்ணன ஏன்யா கீழ உக்கார வச்சிருக்கீக? மேல ஏத்துங்க” என்றார். பணம் கொடுப்பவர் வாயிலிருந்து வந்தால் பாண்டீஸ்வரனுக்கு அது வேதவாக்கு. ஹெல்மெட் நாற்காலியை விட்டு இறங்கியது. சுருளிராஜன் ஏறி உட்கார்ந்தார்.

“சரிண்ணே” என்றார் பாண்டீஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு. “நீங்க ரெண்டு கட்டையில இருக்கீக. அடுத்த பாட்டு ஒரிஜினலு மூணு. கம்பிய ஏத்துங்க.”

இரண்டாவது கோட்டில், ஆறு கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப் ஒன்றை மாட்டினால் ஒரு நொடியில் மூன்று கட்டை வந்துவிடும் என்று பின்னால் பலரும் எனக்குப் பாடம் எடுத்தார்கள். அன்றைக்கு எங்களிடம் கிளிப் இல்லை. இருந்திருந்தால் அதை முல்லைப் பெரியாற்றில் எறிந்துவிட்டு வந்திருப்பேன்.

அண்ணன் கிடாரைப் பார்த்தார். ஒட்டுப்போட்ட கட்டையை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏத்த மாட்டேன் மாஸ்டர்” என்றார். “ஏத்துனா இதும் பிஞ்சிரும், அந்தப் புள்ள தொண்டையும் பிஞ்சிரும். நீங்க எறங்குங்க.”

இருபத்தைந்து வருஷமாக எல்லாவற்றையும் இழுத்துக் கட்டின மனுஷன் சொன்னார் இதை. கூட்டம் காத்திருந்தது. வேலுச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரன் முணுமுணுத்துக்கொண்டே கீபோர்டின் வலது ஓரத்தில் ஒரு சின்ன பட்டனை இரண்டு தடவை தட்டினார். அவ்வளவுதான். கீபோர்டு இரண்டு கட்டைக்கு வந்துவிட்டது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

நான் பக்கத்தில் போனேன். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டேன்: “மாஸ்டர், இந்தப் பட்டன் எப்பருந்து இருக்கு?”

“எல்லா கீபோர்டுலயும் இருக்கும்மா. வாங்குனப்பவே இருக்கு.”

“நான் வந்தப்பவும் இருந்துச்சா?”

அவர் தாளத்தைப் போட்டார். பதினோரு வருஷம். முன்னிசை முடிந்து என் வரி வந்தது, எனக்குப் பாட வரவில்லை. ஆத்திரத்தில் முந்நூறு பேர் முன்னால் நின்று அழுதேன். என் வரி என்னைத் தாண்டிப் போனது. பாண்டீஸ்வரன், “எடும்மா, எடு” என்று கையை ஆட்டினார். சுருளிராஜன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “மெதுவா வா தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, ஒரு விரலையும் கம்பியில் வைக்காமல் அதே இடத்தில் மீட்டிக்கொண்டே இருந்தார்.